ஆய்விதழும் ஆரம்ப சுகாதார நிலையமும்



கொள்ளைநோய்க் காலத்தில் ஆய்விதழ்கள் பொதுமக்களுக்கு என்ன செய்தன என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஆய்வாளனும் அல்லன், மருத்துவனும் அல்லன். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜர்னல் என்றால் எனக்கு முதலில் சந்தா, பிறகு அலமாரி, அதற்கப்புறம்தான் அறிவியல். ஆண்டுக்கு ஆண்டு டாலர் ஏறும். நூலகத்துக்கு ஒதுக்கும் தொகை ஏறாது. இந்த ஆண்டு எந்த ஜர்னலை நிறுத்தலாம் என்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு துறைத் தலைவர்களின் அறை அறையாக ஏறி இறங்குவோம். அந்தப் படிகளில் நின்று பார்த்தவனுக்குத் தெரிந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

லைபீரியாவிலிருந்து தொடங்குகிறேன். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அந்த நோய் அந்தப் பக்கத்துக்கே புதிது என்று உலகம் நம்பியது. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் சேர்த்து 11,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 2015 ஏப்ரலில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் பெர்னிஸ் டான், லைபீரிய சுகாதார அமைச்சகத்தின் தலைமை மருத்துவ அதிகாரி. 1982-லேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் லைபீரிய மக்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்து, எபோலா எதிர்ப்பொருள் இருப்பதாகக் கண்டிருந்தார்கள் என்பதை அந்தக் கட்டுரை வெளியே கொண்டுவந்தது. லைபீரியாவையும் எபோலா நிலவும் பகுதியாகக் கருத வேண்டும், அங்குள்ள மருத்துவப் பணியாளர்கள் நோயாளிகளை எதிர்கொள்ள நேரலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் எழுதியது ஐரோப்பிய இதழில். அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளில் லைபீரிய ஆய்வாளர் ஒருவர்கூட இணை ஆசிரியராக இல்லை. 2015-லும் அவற்றில் ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அது ஒரு லைபீரிய மருத்துவரின் ஏறத்தாழ அரை வாரச் சம்பளம்.

அந்தக் காலத்து எதிர்ப்பொருள் சோதனை சில சமயம் தவறாகக் காட்டக்கூடியது என்ற விமர்சனம் உண்டு. இருக்கட்டும். நான் கேட்பது வேறு. அந்த 45 டாலரை யாராவது தள்ளுபடி செய்திருந்தால் மட்டும் விஷயம் முடிந்திருக்குமா? கிராமத்து மருந்தகத்தில் இருக்கும் செவிலியர் பிரெஞ்சுப் பெயர் கொண்ட ஓர் இதழைத் தேடிப் பிடித்துப் படித்திருப்பாரா? இரத்தம் எந்தக் கைகள் வழியாக வெளியே போனதோ, அதே கைகள் வழியாக முடிவும் திரும்பி வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. இன்றைய என் பேச்சு முழுக்க இந்தத் திரும்பும் பாதையைப் பற்றியதுதான். கதவைத் திறந்து வைத்ததோடு பதிப்பாளரின் கடமை முடிந்தது என்று நாம் பழகிவிட்டோம். கோவிட் காலம் அந்தப் பழக்கம் எவ்வளவு போதாதது என்று காட்டியது.

ஆய்விதழ் என்ற வடிவமே ஒரு கொள்ளைநோய் ஆண்டில் பிறந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்’ இதழின் முதல் எண்ணை வெளியிட்டது 1665 மார்ச் 6-ல். அந்தக் கோடையில் அதே நகரத்தைப் பிளேக் விழுங்கியது. ராயல் சொசைட்டியின் கூட்டங்கள் நின்றன, உறுப்பினர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். ஓல்டன்பர்க் லண்டனிலேயே இருந்தார். அச்சு வேலையைச் சில மாதங்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாற்றினார்கள். அவர் இதழை லத்தீனில் நடத்தவில்லை, ஆங்கிலத்தில் நடத்தினார். ஆனால் அந்த ஆண்டு லண்டன் மக்கள் உயிர்பிழைக்கப் படித்தது அவருடைய இதழை அல்ல. தேவாலய எழுத்தர்கள் வாராவாரம் அச்சிட்டு விற்ற மரணக் கணக்குத் தாளை. எந்தத் திருச்சபைப் பகுதியில் எத்தனை சாவு, அதில் பிளேக் எத்தனை என்று அதில் இருக்கும். எண் ஏறுகிறது என்று கண்டவர்களில் வசதி இருந்தவர்கள் வண்டி கட்டினார்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு ஜான் கிரான்ட் என்ற துணி வணிகர் 1662-லேயே ஒரு நூல் எழுதியிருந்தார். பிளேக் சாவுகள் கணக்கில் குறைத்துக் காட்டப்படுகின்றன, கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதில் கண்டிருந்தார். எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணில் எவ்வளவு ஐயம் என்பதையும் சேர்த்துக் கொடுத்த ஒரு வணிகர்! நம் காலத்து நிபுணர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்கலாம்.

இனி 2020-க்கு வருவோம். ஜனவரி 11-ஆம் நாள் ஷாங்காயின் ஜாங் யோங்ஜென் குழு கண்டறிந்த புதிய வைரஸின் மரபணு வரிசையை, சிட்னியிலிருந்த எட்வர்ட் ஹோம்ஸ் ஒரு திறந்த இணையதளத்தில் ஏற்றினார். எந்த இதழிலும் அப்போது கட்டுரை வரவில்லை. ‘நேச்சர்’ இதழில் வந்தது பிப்ரவரி 3-ல்தான். ஏற்றிய மறுநாளே ஜாங்கின் ஆய்வகத்தைச் ‘சீர்திருத்தம்’ என்று காரணம் சொல்லி அதிகாரிகள் மூடினார்கள். வரிசை வெளிவந்த இரண்டே நாளில், ஜனவரி 13-ல், மாடர்னா நிறுவனமும் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனமும் தடுப்பூசிக்கான வடிவத்தை முடிவு செய்துவிட்டன. மார்ச் 16-ல் முதல் தன்னார்வலரின் கையில் ஊசி ஏறியது. அச்சிட்ட இதழுக்காகக் காத்திருந்தால் மூன்று வாரம் போயிருக்கும். கொள்ளைநோயில் மூன்று வாரம் என்பது என்ன என்று 2021 மே மாதத்தை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 31-ல் வெல்கம் அறக்கட்டளை முன்னெடுத்த ஓர் அறிக்கையில் பதிப்பாளர்களும் நிதி வழங்குவோரும் ஆய்விதழ்களும் கையொப்பமிட்டார்கள். கோவிட் தொடர்பான கட்டுரைகள் உடனே இலவசமாகக் கிடைக்கும் என்றார்கள். மார்ச்சில் பல நாடுகளின் அறிவியல் ஆலோசகர்கள் சேர்ந்து பதிப்பாளர்களுக்கு ஒரு கடிதமே எழுதினார்கள். கதவுகள் திறந்தன. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் கேட்டும் கிடைக்காதது அது. ஆனால் எல்செவியர் கட்டுரைகளின் முகப்பில் அப்போது ஒட்டிவந்த ஒரு பக்க அறிவிப்பை உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்? கோவிட் வள மையம் ஒன்று ஏற்படுத்தியிருப்பதாகவும், அதில் ஆங்கிலத்திலும் மாண்டரின் சீனத்திலும் தகவல் கிடைக்கும் என்றும், அந்த மையம் இயங்கும் வரையில் இந்த அனுமதி செல்லும் என்றும் அது சொல்கிறது. ஆகக் கிடைத்தது இரண்டு மொழி, ஒரு தவணை. உலகின் இலாபம் மிகுந்த பதிப்பு நிறுவனங்களில் ஒன்று எல்செவியர். அதன் இயக்க இலாபம் வருவாயில் 30 விழுக்காட்டுக்கு மேல். அந்த நிறுவனத்தின் பெருந்தன்மை அந்த அளவில் நின்றது.

வேகம் வந்ததும் குப்பையும் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. மதிப்பாய்வு முடியாமலே இணையத்தில் ஏற்றப்படும் கட்டுரைகளை, ஆய்வாளர்கள் பிரீபிரிண்ட் என்று சொல்பவற்றை, அவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். பயோஆர்கைவ் என்ற களஞ்சியம் 2013-லிருந்து இருக்கிறது. மருத்துவத்துக்கான மெட்ஆர்கைவ் 2019 ஜூனில்தான் தொடங்கியது, கொள்ளைநோய்க்கு ஆறே மாதம் முன்னால். குற்றச்சாட்டுக்கு வழக்கமான சாட்சி நம் நாட்டிலிருந்தே போனது. 2020 ஜனவரி 31-ல் டெல்லி ஆய்வாளர்கள் சிலர், புதிய வைரஸின் கூர்ப்புரதத்தில் எச்ஐவியை ஒத்த பகுதிகள் இருப்பதாக ஒரு கட்டுரையை ஏற்றினார்கள். உலகெங்கிலும் இருந்து உயிரியலாளர்கள் பாய்ந்தார்கள்: நீங்கள் காட்டும் துண்டுகள் மிகச் சிறியவை, எத்தனையோ உயிர்களில் அவை இருக்கும் என்று. பிப்ரவரி 2-ல் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டு நாள் ஆயிற்று.

இப்போது மதிப்பாய்வு முடிந்து வந்த ஒரு கட்டுரையைப் பாருங்கள். ‘லான்செட்’, மே 22. 671 மருத்துவமனைகளிலிருந்து 96,032 நோயாளிகளின் தரவு என்றார்கள். கோவிட் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டுவந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து உயிருக்கே ஆபத்து என்றார்கள். மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையின் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் கூட்டாகக் கேள்வி எழுப்பினார்கள். ‘கார்டியன்’ நாளிதழ் தோண்டியது. ஆஸ்திரேலியாவில் இறந்ததாகக் கட்டுரை காட்டிய எண்ணிக்கை, அந்நாட்டு அரசின் கணக்கைவிட அதிகமாக இருந்தது. தரவைக் கொடுத்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனத்திடம் மூலத் தரவைக் கேட்டால் தர மறுத்தது. ஜூன் 4-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே நிறுவனத்தின் தரவை வைத்து ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட வேறொரு கட்டுரையும் அன்றே போயிற்று. பதின்மூன்று நாள்.

அந்த மருந்தை முதலில் தூக்கிப் பிடித்த பிரெஞ்சுக் கட்டுரையின் கதை இன்னும் விசித்திரம். சிறு எண்ணிக்கை நோயாளிகளைக் கொண்ட ஆய்வு. அனுப்பிய மறுநாளே ஏற்கப்பட்டு 2020 மார்ச்சில் வெளியானது. நம் ஊரிலும் மருந்துக் கடைகளில் மாத்திரை தீர்ந்து, அதையே நம்பி வாழும் முடக்குவாத நோயாளிகளும் லூபஸ் நோயாளிகளும் அலைந்தார்கள். மார்ச் 26-ல் மத்திய அரசு விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது எப்போது தெரியுமா? 2024 டிசம்பரில்.

எனவே மதிப்பாய்வு ஆனதா ஆகவில்லையா என்பது முதல் கேள்வி அல்ல என்பது என் கட்சி. பிறர் வந்து சோதித்துப் பார்க்கும்படி தரவு கண்முன் இருந்ததா என்பதே முதல் கேள்வி. டெல்லிக் கட்டுரையில் வைரஸ் வரிசை எல்லார் கையிலும் இருந்தது, அதனால் இரண்டு நாளில் சாயம் வெளுத்தது. லான்செட் கட்டுரையில் தரவு ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்தது. பின்னர் அந்த இதழ், ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் மூலத் தரவைத் தாமே பார்த்துச் சரிபார்த்ததாகக் கையொப்பமிட வேண்டும் என்று விதி வைத்தது. பட்டபின் வந்த புத்தி என்றாலும் புத்திதான்.

ஆனால் ஒன்று. டெல்லிக் கட்டுரை இரண்டு நாளில் திரும்பப் பெறப்பட்டது ஆய்வாளர்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்புக்குத் தெரியாது. அங்கே அது மாதக் கணக்கில் உலவியது. திருத்தத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வது தன் வேலை என்று எந்தப் பதிப்பாளரும் எண்ணவில்லை. பழைய பக்கத்தின் மேல் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று சிவப்பில் ஒரு முத்திரை குத்தியதோடு சரி.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் நிகழ்வுக்கு வருகிறேன். இதில் பொய்த் தரவு இல்லை, அவசரக் கோளாறு இல்லை. கட்டுரை முற்றிலும் சரி. ஆக்ஸ்ஃபோர்டு தலைமையில் நடந்த ‘ரிகவரி’ சோதனை, 2020 ஜூன் 16-ல் டெக்சாமெத்தசோன் பற்றிய முடிவை அறிவித்தது. உலகெங்கும் கிடைக்கும், விலை மிகக் குறைந்த, அறுபது ஆண்டுப் பழைய ஸ்டீராய்டு. கட்டுரைக்கு முன்பே பத்திரிகைச் செய்தியா என்று சிலர் முகம் சுளித்தார்கள்; ஆறே நாளில் முழு விவரமும் மெட்ஆர்கைவில் வந்தது, ஜூலையில் இதழில் வந்தது. முடிவில் மூன்று பகுதி. வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் பெறுபவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் எதுவும் இல்லை. அளவும் சொல்லியிருந்தார்கள்: நாளுக்கு 6 மில்லிகிராம், பத்து நாள் வரை.

முதல் இரண்டு பகுதிகள் உலகைச் சுற்றி வந்தன. மூன்றாவது பகுதி வழியில் எங்கோ நின்றுவிட்டது. நம் நாட்டில் 2021 இரண்டாம் அலையில் என்ன நடந்தது? காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே, ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று எட்டில் இருக்கும்போதே, வீட்டில் இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை. யாரோ அனுப்பிய மருந்துச் சீட்டின் படம் ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் நோயாளியின் பெயரை மட்டும் கட்டைவிரலால் மறைத்திருப்பார்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் மலிந்த நாடு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பாற்றலை இறக்கும். கரும்பூஞ்சை வந்தது. எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா, ஸ்டீராய்டைத் தவறாகப் பயன்படுத்துவதே முக்கியக் காரணம் என்று மே மாதத்தில் வெளிப்படையாகவே எச்சரித்தார். ஜூலைக்குள் நாட்டில் 45,000 பேருக்கு மேல் அந்த நோய். கண்ணை எடுத்தவர்கள் உண்டு, மேல்தாடையை எடுத்தவர்கள் உண்டு, உயிரை விட்டவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கரும்பூஞ்சைக்கு ஸ்டீராய்டு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை இலவசமாகக் கிடந்த காலத்தில்தான் இது நடந்தது. ‘ஆக்சிஜன் தேவைப்படாதவர் இதைத் தொட வேண்டாம்’ என்ற ஒரு வரி, தமிழில், பெரிய எழுத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் மருந்துக் கடையின் கண்ணாடியிலும் 2020 ஜூலையிலேயே ஒட்டப்பட்டிருந்தால் சில கண்களாவது தப்பியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நல்ல செய்தி அதன் நிபந்தனையை உதறிவிட்டு ஓடும். நிபந்தனையைச் செய்தியோடு சேர்த்துக் கட்டி அனுப்புவது யார் வேலை? ஆய்வாளர் தன் வேலை கட்டுரையோடு முடிந்தது என்கிறார். பதிப்பாளர் கதவைத் திறந்தேனே என்கிறார். செய்தியாளருக்கு இருப்பதோ நான்கு அங்குல இடம்.

காற்று வழிப் பரவல் பற்றியும் ஒரு சொல். 2020 மார்ச் 28-ல் உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று உறுதிபடப் பதிவிட்டது. அந்தச் சமயத்தில் நாம் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் மக்கள் மீது கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கவழி ஒன்று அமைக்கப்பட்டது, மற்ற ஊர்களும் அதைப் பார்த்துக் கட்டின. சில நாட்களில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை அதை வேண்டாம் என்றது. ஏப்ரல் 18-ல் மத்திய அமைச்சகமும், மனிதர் மேல் தெளிப்பது தீங்கு என்று சுற்றறிக்கை விட்டது. ஜூலையில் 239 அறிவியலாளர்களின் ஆதரவோடு லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்ட் மில்ட்டனும், காற்றில் மிதக்கும் நுண்துளிகளைக் கவனியுங்கள் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். சன்னலைத் திற என்பதுதான் அதன் சாரம். அதைவிட மலிவான அறிவுரை உண்டா? ஆனாலும் நாம் கைகழுவும் திரவத்துக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு கவனத்தைச் சன்னலுக்குக் கொடுக்கவில்லை.

இனி நம் வீட்டுக் கதை. 2020 செப்டம்பர் 30-ல் ‘சயின்ஸ்’ இதழ் இணையத்தில் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரண்டு மாநிலங்களின் தொடர்புத் தடமறிதல் தரவை வைத்து எழுதப்பட்டது. ரமணன் லட்சுமிநாராயண் முதல் ஆசிரியர். அன்றைய நம் சுகாதாரச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணனும் ஆசிரியர்களில் ஒருவர். தொற்று உறுதியான 84,965 பேரும் அவர்களோடு தொடர்பில் வந்த 5,75,071 பேரும் அதில் அடங்குவார்கள். உலகில் அதுவரை வந்த மிகப் பெரிய தடமறிதல் ஆய்வு என்று அதைச் சொன்னார்கள். பரவலில் பெரும்பகுதி சிலரால்தான் நடக்கிறது என்று அது காட்டியது: தொடர்புகள் சோதிக்கப்பட்ட நோயாளிகளில் 71 விழுக்காட்டினர் தம் தொடர்புகளில் எவருக்கும் தொற்றைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. பேருந்து, ரயில் போன்றவற்றில் நோயாளிக்கு நெருக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்த 78 பேரைப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்குத் தொற்று. சிறுவர்கள் சம வயதுச் சிறுவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பதும் அதில் தெளிவாக இருந்தது.

இந்தத் தரவு எங்கிருந்து வந்தது? கிராம சுகாதாரச் செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் வெயிலில் வீடு வீடாகப் போய், திட்டும் வாங்கிக்கொண்டு, பெயரும் எண்ணும் எழுதிய பதிவேட்டிலிருந்து. லைபீரியாவைப் போல் நம் ஆட்கள் ஆசிரியர் பட்டியலுக்கு வெளியே நிற்கவில்லை, அது நமக்குப் பெருமை. ஆனால் பதிவேட்டை நிரப்பிய செவிலியரிடம் ‘நீ எழுதியதிலிருந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறோம், இனி எல்லாரையும் துரத்தாதே, கூட்டம் கூடிய இடத்தை முதலில் பார்’ என்று ஒரு பக்கத் தமிழில் சொல்லும் பொறுப்பை உலகின் தலைசிறந்த இதழ் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்ற எண்ணமே அந்தத் தொழிலில் இல்லை.

மாநிலங்கள் தரவைக் கொடுத்ததால்தான் அந்தக் கட்டுரை பிறந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2021 ஏப்ரல் இறுதியில், சடலங்கள் வரிசையில் கிடந்த நாட்களில், இந்திய அறிவியலாளர்கள் நூற்றுக்கணக்கானோர் பிரதமருக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சேகரித்து வைத்திருக்கும் சோதனைத் தரவைத் தங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்பது அதன் சாரம். நாட்டின் விஞ்ஞானிகளே நாட்டின் தரவுக்கு மனுப்போட வேண்டியிருந்தது.

அதே ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. 15-ஆம் நாள் நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசினார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் நாள் காலமானார். தடுப்பூசிக்கும் அவர் மறைவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆய்வுக்குழு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் ஊசி வேண்டாம் என்று சொன்னார்கள் என்பதை இங்கிருக்கும் மருத்துவர்கள் அறிவார்கள்.

அந்த அச்சத்துக்கு நேர் மருந்தாக ஒரு சிறு கட்டுரை ஜூனில் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் வந்தது. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் தமிழ்நாடு காவல்துறையின் பதிவேட்டை வைத்து எழுதியது. மொத்தம் 1,17,524 காவலர்கள். 67,673 பேர் இரண்டு தவணையும், 32,792 பேர் ஒரு தவணையும் போட்டிருந்தார்கள்; 17,059 பேர் போடவில்லை. ஏப்ரல் 13 முதல் மே 14 வரை கோவிடால் இறந்த காவலர்கள் 31 பேர். அவர்களில் இரண்டு தவணை போட்டவர்கள் 4, ஒரு தவணை போட்டவர்கள் 7, போடாதவர்கள் 20. இறப்பைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு 82 விழுக்காடு, இரண்டு தவணைக்கு 95 விழுக்காடு பலன் என்று கணக்கிட்டார்கள். படிக்க யாரும் பணம் கட்ட வேண்டாத இதழ் அது. நடிகர் மறைந்த அதே நாட்கள், அதே மாநிலம், எல்லாரும் அறிந்த காக்கிச் சட்டை. டீக்கடையில் நின்று சொன்னாலும் புரியும். எந்தப் புள்ளியியல் பாடமும் வேண்டாம்: போடாதவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, சாவில் மிக அதிகம். நாளிதழ்கள் இதை வெளியிட்டன, டெல்லியில் அதிகாரிகள் மேற்கோள் காட்டினார்கள். கொள்ளைநோய்க் காலத்து ஆய்வு வெளியீடு எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் லான்செட்டைக் காட்ட மாட்டேன், இந்தச் சிறு கட்டுரையைக் காட்டுவேன்.

ஆய்விதழுக்கும் மக்களுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை நிரப்பியவர்கள் சம்பளமில்லாதவர்கள். 2020 மார்ச்சில் நூற்றுக்கணக்கான இந்திய அறிவியலாளர்கள் சேர்ந்து ஐஎஸ்ஆர்சி என்ற தன்னார்வக் குழுவை அமைத்தார்கள். வதந்திகளை ஒன்றொன்றாக எடுத்து மறுத்தார்கள், பல இந்திய மொழிகளில் விளக்கம் எழுதினார்கள். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதில் முன்னின்றார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலையின் நீட்சி அது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் எளிய மொழிச் சுருக்கங்கள் பல தமிழிலும் கிடைக்கின்றன. அவையும் தன்னார்வலர் உழைப்பு. ‘ஈலைஃப்’ இதழ் 2012-ல் தொடங்கியதிலிருந்தே பல கட்டுரைகளோடு பொதுவாசகருக்கான சுருக்கம் ஒன்றை வெளியிட்டுவருகிறது. ஆக, முடியாத காரியம் அல்ல. செலவும் பெரிதல்ல. மனம்தான் இல்லை.

இப்போது நிலைமை என்ன? ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். என்னைப் போன்ற நூலகர்கள் பட்டியல் தூக்கி அலைந்த காலம் முடிந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் 2020 டிசம்பரில் வெளியான அறிவியல் கொள்கை வரைவு, நாட்டின் ஒவ்வொரு குடிமகனுக்கும் இந்த வாசல் திறக்கும் என்று சொன்னது. வந்து சேர்ந்த திட்டத்தில் மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளரும் இருக்கிறார்கள், குடிமகனைக் காணோம். சிற்றூரில் தனியாக மருத்துவம் பார்க்கும் டாக்டர் இல்லை. பத்திரிகையாளர் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் வந்து உட்காரும் வாசகர் இல்லை. வரிப்பணம் மட்டும் அவர்களுடையது. சந்தா கட்டி வாங்க வழியில்லாதவர்கள் நாடிய, பதிப்பாளர் அனுமதியின்றிக் கட்டுரைகளை இலவசமாகத் தந்த சைஹப் தளத்தை எதிர்த்து எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது 2020 டிசம்பரில், கொள்ளைநோயின் நடுவில். 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு வழியை அடைத்தவர்கள் பொதுவாசகருக்கு மறுவழி எதையும் திறக்கவில்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2007-ல் ஐசிஎம்ஆர் பணம் கட்டி, இந்தியாவில் இணையம் வைத்திருக்கும் எவரும் கோக்ரேன் நூலகத்தை முழுதாகப் படிக்க வழி செய்தது. பல்கலைக்கழக அடையாள அட்டை கேட்கவில்லை. ஒரு பதிப்பாளரோடு அன்று முடிந்தது, முப்பது பேரோடு பேசும் பலம் இருக்கும் இன்று ஏன் முடியாது?

எனவே இந்த மன்றத்தில் இருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். துணைவேந்தர்களும் துறைத் தலைவர்களும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு மக்களின் உடலையோ ஊரையோ தரவாக எடுத்துக்கொண்டு எழுதப்படும் எந்த ஆய்வுக்கும், கட்டுரை வெளிவரும் நாளிலேயே ஆசிரியரே எழுதி இன்னொருவர் சரிபார்த்த ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வர வேண்டும் என்று நெறிமுறைக் குழுவின் படிவத்தில் ஒரு வரி சேருங்கள். முடிவு இது, யாருக்குப் பொருந்தாது, எவ்வளவு உறுதி என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். கட்டுரை திருத்தப்பட்டால் சுருக்கமும் திருத்தப்பட்டு, முன்பு போன அதே சுகாதார நிலையங்களுக்குப் போகட்டும்.

இரண்டாவது, ‘ஒரு நாடு ஒரு சந்தா’வின் முதல் ஒப்பந்தக் காலம் 2027-ஆம் ஆண்டோடு முடிகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், மாவட்ட மைய நூலகங்கள் எல்லாவற்றிலும் உள்ள கணினிகளில் யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த 13,000 இதழ்களும் திறக்க வேண்டும் என்ற விதி அடுத்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மாநில அரசு இதைக் கேட்டு இப்போதே எழுத வேண்டும். பதிப்பாளர்களோடு பேரம் தொடங்கிவிட்டால் பிறகு கேட்பதற்கு இடம் இருக்காது.